சோடா மூடிமேல் நின்றவர்

கேமராவை முக்காலிமேல் நிறுத்தி உருண்டைப் படம் எடுக்கிறவர்களை நான் மனிதக் கணக்கில் சேர்த்ததே இல்லை. இதை மூன்று மாநாடுகளில் ஒலிபெருக்கி இல்லாமலே சொல்லியிருக்கிறேன். மூன்றிலும் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள்; ஒரு மாநாட்டில் மண்டபத்துக்கு வெளியே தூங்கிக்கொண்டிருந்த காவலாளியும்.

உருண்டைப் படம் என்றால் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நின்ற இடத்திலிருந்து சுற்றிலும் எட்டுப் படம், வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. பத்தையும் கணினியில் ஓரத்தோடு ஓரம் ஒட்டினால் உலகம் ஒரு கோளத்தின் உட்சுவராகிவிடும். பார்க்கிறவர் நடுவில் நிற்பார். அப்புறம் அந்தக் கோளத்தைத் தோசை மாதிரித் தட்டையாக விரிக்கலாம். சுருட்டி, பனைமரங்கள் தலைமுடி போல நட்டுக்கொண்டு நிற்கும் குட்டிக் கிரகமாகவும் ஆக்கலாம்.

சூட்சுமம் ஒன்றுதான். பத்து முறையும் லென்ஸ் ஒரே புள்ளியில் இருக்க வேண்டும். மனுஷ புத்தி தன்னைச் சுற்றிக் கேமராவைத் திருப்பும். இங்கே கேமராவைச் சுற்றி நாம் திரும்ப வேண்டும். இரண்டு விரற்கடை விலகினாலும் பக்கத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் சண்டை போட்டுக்கொள்ளும். சுவரில் படிக்கட்டு முளைக்கும். மனுஷருக்கு மூன்றாவது முழங்கை வரும். அந்தப் பயத்தில்தான் கோழைகள் முக்காலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு தூண்டில் நரம்பு போதும். தூத்துக்குடித் துறைமுகத்தில் கடலாழம் அளக்கும் படகில் இருபத்தாறு வருஷம் இருந்தவன் நான், பொன்னுத்துரை. லென்ஸிலிருந்து நரம்பைத் தொங்கவிட்டு, நுனியில் பழைய ஈயக்குண்டு ஒன்றைக் கட்டுவேன். தரையில் ஒரு சோடா மூடியை ஆணியால் அறைந்து, அதில் வடக்குத் திசைக்கு ஒரு கீறல் போடுவேன். அளந்த இடத்தில் அடையாளம் வைக்காமல் நகர்வது எங்கள் பிரிவில் பாவம். ஈயக்குண்டு மூடிக்கு நேர்மேலே ஒரு நெல் உயரத்தில் நிற்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு, நிறுத்தி, சொடுக்க வேண்டும். வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை நூற்று நாற்பது சோடா மூடிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றைப் பிடுங்கினால் கரையே கடலுக்குள் சரிந்துவிடும் என்று ஒரு பள்ளிக்கூடத்தில் பேசினேன். இரண்டு ஆசிரியர்கள் குறித்துக்கொண்டார்கள்.

கீழ்ப்படத்தில் எடுத்தவரின் பாதம் விழும். மற்றவர்கள் அழித்துவிடுவார்கள். எங்கள் சங்கத்தில் அழிப்பதில்லை, அதுதான் கையெழுத்து. என் கையெழுத்து சிவப்பு வார் வைத்த டயர் செருப்பு; ஒரு சோடி போனால் அதே மாதிரி இன்னொரு சோடி.

எங்கள் சங்கம் என்றால் நானும் லெயோன் மோத்தாவும். மோத்தா கண்ணாடிக் கடைக்காரர். ஊரில் பாதிப் பேரின் பார்வை அவர் சொன்ன பவரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், 2039இல், படகில் இழுவைக் கயிறு என் வலது கையைச் சுற்றி நசுக்கிவிட்டது. ஆறு மாதம் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அந்தச் சுவரின் ஒவ்வொரு விரிசலுக்கும் இன்றைக்கும் ஆழம் சொல்வேன். மோத்தாதான் ஒரு பழைய கேமராவோடு வந்து, "சும்மா வாரும்வே, சுத்திட்டு வருவோம்" என்று கூட்டிப்போனார். அப்போதே எலுமிச்சம்பழம் அளவில் பந்துக் கேமரா வந்துவிட்டது. மேலே எறிந்தால் தானே சுற்றி எடுத்துக்கொண்டு கைக்குத் திரும்பும். நாங்கள் நரம்பும் ஈயக்குண்டுமாகத் திரிந்தோம்.

நான் எடுப்பேன், அவர் ஒட்டுவார். ஒட்டும் வேலைக்கு எனக்குப் பொறுமை கிடையாது. முதல் படம் 'உப்பள மதியம்': இசக்கியம்மாளும் நாலு பெண்களும் உப்பு வாரும் பலகையோடு வெள்ளை வெளியில் நிற்பார்கள். ஒரு தையல் தெரியாது. அது வாங்கிய விருதுகளை வைக்க அலமாரி செய்து, அலமாரிக்கு இடம் பண்ணக் கட்டிலை விற்றேன். நார்வேயில் ஒரு மீன் ஆலையின் சாப்பாட்டு அறையில் அது தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதால் அங்கே யாரும் உப்புக் கேட்பதில்லையாம்.

இனி 2061க்கு வருகிறேன். பழைய உப்புக் கிடங்கு ஒன்றைக் கோளக்கூடம் ஆக்கி, என் நூற்று நாற்பது படங்களையும் நிரந்தரமாக வைக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. வாசல் சுவரில் என் பெயர், ஆள் உயர எழுத்தில். கூடத்தின் பொறுப்பாளர் மகிழினி என்ற பெண். கையில் ஒரு சாம்பல் நிறக் கையுறையோடு வந்தாள்.

"சார், இது நாடி. புதுசு. நீங்க இத்தனை நாளா பத்து படத்தையும் கோளத்துமேல ஒட்டினீங்க. இது அதே படங்களைத் திருப்பி, எடுத்தவங்க கைமேல ஒட்டும்."

"கைமேலயா? படத்துல கையே இல்லையேம்மா."

"இருக்கு சார். முக்காலில எடுத்தா எல்லா ஓரமும் அப்படியே பொருந்தும். கையில எடுத்தா மயிரிழை விலகும். எந்தப் பக்கம் விலகுச்சு, எவ்வளவு வேகத்துல, ஷட்டர் திறந்திருந்த நேரத்துல எப்படி ஆடுச்சு... அது எல்லாம் படத்துக்குள்ளயே கிடக்கு. அதுல மூச்சு வந்துரும், நாடித்துடிப்பு வந்துரும். இந்தக் கையுறையைப் போட்டுக்கிட்டு உங்க படத்துக்குள்ள நின்னா, நீங்க அந்தப் பக்கம் பார்த்தப்ப உங்க கை எப்படித் துடிச்சுதோ அப்படியே துடிக்கும்."

"முக்காலிக்கு நாடி கிடையாதுன்னு நான் இருபது வருஷமா தொண்டை கிழியச் சொல்லுதேன்."

"நீங்க சொன்னது சரிதான் சார்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவளுக்கு என் வீட்டை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

நாடி வந்து நாலு மாதத்தில் ஊர் பட்ட பாடு தனிக்கதை. சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணம் நின்றது: மாப்பிள்ளை எடுத்த நிச்சயதார்த்தக் கோளத்தில், பெண்ணைப் பார்த்தபோது நாடி எழுபது, பந்திப் பக்கம் திரும்பியபோது நூற்றுப்பத்து. மாமியாரைப் பார்த்ததும் துடிப்பே காணோம். சொத்துத் தகராறில் ஒரு வக்கீல், "கட்சிக்காரரின் தம்பி கிணற்றுப் பக்கம் திரும்பும்போது கை நடுங்கியது ஏன்?" என்று கேட்டு வழக்கை ஜெயித்தார். பழைய கைப்படங்களை அழிக்க வரிசை நின்றது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதே 'முக்காலி உண்டு' என்று போட ஆரம்பித்தார்கள். நான் சிரித்துச் சிரித்து விலா பிடித்துக்கொண்டேன். ஒளிக்க என்ன இருக்கிறது எனக்கு? கடலைப் பார்த்தேன், உப்பைப் பார்த்தேன், சொடுக்கினேன்.

ஒப்பிடுவதற்காக என் கையில் ஒரு கேமராவைக் கொடுத்துப் பத்துப் படம் எடுக்கச் சொன்னாள் மகிழினி. எடுத்தேன். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் வைத்தாள், கதவைச் சாத்தினாள். இழவு சொல்ல வருகிறவர்கள்தான் இந்த வரிசையில் செய்வார்கள்.

"சார், இந்த நூத்தி நாப்பது படத்துல ரெண்டு கை இருக்கு."

"எனக்கும் ரெண்டு கைதான்மா."

அவள் சிரிக்கவில்லை. "உங்க கை ஒன்பது படத்துல மட்டும்தான் இருக்கு. நூத்தி முப்பத்தொண்ணு வேற ஒருத்தர் எடுத்தது."

"கீழ என் செருப்பு கிடக்கே."

"செருப்பு உங்களுதா இருக்கலாம் சார்."

திரையில் 'உப்பள மதிய'த்தின் கீழ்ப்படத்தைப் பெரிதாக்கினாள். சோடா மூடி, வடக்குக் கீறல், சிவப்பு வார். செருப்பின் பின்பக்கம் குதிகால் ஒரு விரற்கடை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. என் குதிகால் செருப்புக்குள் அடங்கி, பின்னால் இடமும் மிச்சம் வைக்கும். கடலுக்கடியில் பத்து மீட்டரில் கிடக்கும் பாறையை விரல் கணக்கில் சொன்னவன், இருபத்திரண்டு வருஷம் அந்தக் குதிகாலைப் பார்க்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள். "அந்த நூத்தி முப்பத்தொண்ணுலயும், எடுத்தவர் ஏதோ ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் நாடி எகிறுது. எழுபதுல இருந்து நூத்தி இருபது. அங்க ஒண்ணுமே இல்ல சார், வெறும் வானம். எங்க ஆளுங்க அதைப் பெரிய கலைன்னு பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்காங்க."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பத்து நாள்ல திறப்பு. கையுறையை விட்டுட்டா வெளிய யாருக்கும் தெரியாது. சுவர்ல உங்க பேர் அப்படியே இருக்கும். என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்."

அவள் வைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

நேரே உப்பளத்துக்குப் போனேன். இசக்கியம்மாள் இப்போது உப்பு வாரும் இயந்திரங்களுக்கு மேஸ்திரி. நிழற்கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஆறு இயந்திரங்களையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள்.

"இசக்கியம்மா, அந்தப் படம் எடுத்த நாள் நெனப்பிருக்கா?"

"எந்த நாளக் கேக்கீய? நீங்க எடுத்த நாளா, மோத்தா சார் எடுத்த நாளா?"

நான் உப்பு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மறுநாள் அதே நேரத்துக்கு வந்தாவ. நேத்து நின்ன மாதிரியே நில்லுங்கன்னாவ. எல்லாருக்கும் சர்பத்து வாங்கித் தந்தாவ. அப்புறம் நீங்க இந்தப் பக்கம் எப்ப வந்து எடுத்தாலும் மறுநாள் அவுக வருவாவ." அவள் குரல் தாழ்ந்தது. "உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி? தெரியும்னுல்லா நெனச்சோம்."

"அப்ப நான் எடுக்கும்போது?"

"நீங்க எடுக்கும்போது சும்மா நிப்போம். மறுநாள்தான் தல சீவி, சேலையச் சரி பண்ணிக்கிட்டு நிப்போம்."

திரும்பி வரும் வழியில் தெரிந்த முகங்களை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். படகுத் துறையில் வலை பின்னுகிறவர், மணப்பாட்டுக் கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கிறவர், பனங்கிழங்குக்காரர். எல்லோரும் என் படத்தில் இருப்பவர்கள். எல்லோரும் எனக்காக ஒரு நாள் சும்மா நின்று, மறுநாள் ஒழுங்காக நின்றவர்கள். கடற்கரை நெடுக ஒரு மாவட்டமே சேர்ந்து நாடகம் போட்டிருக்கிறது. பார்வையாளன் நான் ஒருவன்.

வீட்டுக்கு வந்ததும் என் பழைய தொழிலைக் கையில் எடுத்தேன். சுவர் அளவுக்கு வரைபடத்தை விரித்து, நூற்று முப்பத்தொரு சோடா மூடிகளின் இடத்தையும் குறித்தேன். மகிழினியிடம் கணக்கை வாங்கி, ஒவ்வொன்றிலும் நாடி எகிறிய திசையை வடக்குக் கீறலிலிருந்து அளந்து கோடு போட்டேன். கடலில் தெரியாத பொருள் ஒன்று இருந்தால் கரையின் பல இடங்களிலிருந்து கோடு இழுப்போம். கோடுகள் கூடும் இடத்தில் அது இருக்கும். ஒரு படம் அகலமான துண்டுதான் காட்டும். ஆனால் நூற்று முப்பத்தொரு துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மிஞ்சும் இடம் ஒரு தெரு அளவுதான்.

மிஞ்சியது என் தெரு. நடுவில் என் வீடு.

அந்த வீட்டில் இரண்டே பேர். நானும் என் மனைவி செண்பகமும். என்னை நினைத்து எந்த ஆணின் நாடியும் நூற்றிருபதுக்குப் போகாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பென்சிலைக் கீழே வைத்தேன். அதுவும் உருண்டு போனது.

செண்பகம் கபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மொத சோடி சிவப்பு வார் செருப்பு ஒண்ணு இருந்துச்சே" என்றேன்.

"மோத்தா வீட்டு நாய் தூக்கிட்டுப் போச்சு. எத்தன தடவ சொல்ல?"

"நாய் அத யாருக்குக் குடுத்துச்சு?"

அவள் ஒலியைக் குறைத்தாள். நாற்பது வருஷத்தில் கபடிக்கு நடுவே அவள் ஒலியைக் குறைத்தது அன்றுதான்.

"நாய் இல்ல. நாந்தான் குடுத்தேன். மோத்தா அண்ணன் கேட்டாவ."

"அண்ணன்."

"பெறகு எப்படிக் கூப்பிட?" அவள் என் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். என் புத்தி எந்தச் சாக்கடை வரை போய் வந்தது என்று புரிந்துவிட்டது. "இந்த வயசுல இப்படி ஒரு நெனப்பா? தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க."

"ஒனக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

"ஆறு மாசம் செவத்தப் பாத்து உக்காந்திருந்தது நீங்க. ஆறு மாசம் உங்களப் பாத்து உக்காந்திருந்தது நான்." ஒலியை மறுபடி கூட்டினாள். "போய் அவுகளக் கேளுங்க."

மோத்தா கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. வீட்டு முன்னறையில் மிச்சம் இருந்த லென்ஸ்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வரைபடத்தை மேசையில் விரித்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கோடுகள் கூடும் இடத்தில் விரலை வைத்து, அங்கேயே வைத்திருந்தார்.

"எத்தன படம்வே?" என்றேன்.

"நூத்தி முப்பத்தொண்ணு."

"எண்ணி வச்சிருக்கீரு."

"எண்ணாம இருக்க முடியுமா."

"முக்காலி வச்சா எடுத்தீரு?"

"மாதா சத்தியமா கையிலதான்வே."

சொன்னால் நம்பமாட்டீர்கள், எலிக்குஞ்சு அளவுக்கு ஓர் ஆறுதல் வந்தது. அதை மிதித்துக் கொன்றுவிட்டுக் கேட்டேன்: "ஏன்?"

"மொதப் படத்த ஒட்டிப் பாத்தேன். இசக்கியம்மாளுக்கு மூணு முழங்கை. அடிவானம் படிக்கட்டு மாதிரி ஏறி எறங்குது. உம்ம கை அப்படி ஆடிருக்கு. ஆறு மாசத்துக்குப் பெறகு மொத தடவயா வீட்ட விட்டு வெளிய வந்து எடுத்த படம். அத உம்மகிட்ட எப்படிக் காட்ட?"

"சரி, ஒரு தடவ. நூத்தி முப்பத்தொரு தடவயா?"

"மொதப் படத்தப் பாத்து நீரு அழுதீரு. ரெண்டாவது படத்துக்குள்ள வகுப்பெடுக்க ஆரம்பிச்சிட்டீரு. மூணாவது படத்துக்கு மாநாடு. நான் எங்க போய் நிறுத்த?"

"சொல்லிருக்கணும்."

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சொல்லத்தான் வந்தேன். நீரு வாய மூடணும்லா."

அது உண்மை. உண்மை என்பதால் அதிகமாக எரிந்தது.

"என் வீட்டப் பாத்து எதுக்குவே உமக்குத் துடிக்குது?"

"நீரு வந்திருவீரோன்னு பயம்." விரலை வரைபடத்திலிருந்து எடுத்தார். "நீரு வந்தா அந்தப் பக்கத்துல இருந்துதான வரணும். ஒவ்வொரு எடத்துலயும் அந்தப் பக்கம் திரும்பும்போது, இந்தா வாறாரு, செருப்பப் பாக்கப்போறாருன்னு நெஞ்சு அடிக்கும். மூச்ச நிறுத்திப் பாத்தேன். நிக்கல."

இருபத்திரண்டு வருஷம் தோளில் கை போட்டு நடந்த மனுஷர், அத்தனை வருஷமும் என்னைப் பார்த்துத் திருடனைப் போல நடுங்கியிருக்கிறார். அந்த நடுக்கத்தைத்தான் உலகம் என் கலை என்று எழுதி வைத்திருக்கிறது. முக்காலியை நான் ஏசிய ஒவ்வொரு மேடையிலும், ஐந்தே முக்கால் அடி முக்காலி ஒன்று முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறது.

"சுவத்துல உம்ம பேரே இருக்கட்டும்வே" என்றார் மோத்தா. "எனக்கு எதுக்கு? நான் கண்ணாடிக் கடைக்காரன்."

"என் மூக்குல இருக்கதும் உம்ம கடையில வாங்குன கண்ணாடிதான். இதுலயாவது சரியான பவரு போட்டீரா?"

அவர் மறுபடி லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். வாசலில் இறங்கும்போது நாய் கட்டியிருந்த வெற்றுச் சங்கிலி தூணில் தொங்கியது. அந்த நாயை நான் பதினோரு வருஷம் செருப்புத் திருடன் என்று கல்லால் அடித்திருக்கிறேன். அது செத்தும் போயிற்று.

மறுநாள் காலை மகிழினியிடம் போய், "அந்த ஒன்பதைக் காட்டும்மா" என்றேன்.

ஒன்பதும் தேரிக்காட்டில் எடுத்தவை. சிவப்பு மணல் மேடுகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று போலவே இருக்கும். ஒட்டுவதற்குப் பிடிமானமாக ஏதாவது வேண்டும் என்பதால் மோத்தாவை ஒரு பக்கம் குடையோடு நிற்க வைத்திருந்தேன், ஆழம் அளக்க நட்ட கம்பு போல. அவரே படத்துக்குள் நிற்பதால், போய் மறுபடி எடுக்க அவரால் முடியவில்லை. இவை கந்தலாகத்தான் வந்தன. மேடுகள் பாதியில் அறுந்து, வானத்தில் வெட்டு விழுந்து. "தேரி மணல் ஓடுதுவே, நீரு திரும்புறதுக்குள்ள மேடு நகந்துருது. அதான் இணையல" என்று அப்போது சொன்னார். காற்றடித்தால் தேரியில் மணல் ஓடுவது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மணல்மேல் பழியைப் போட்டு நிம்மதியாக இருந்தேன்.

"மணல் ஓடலைல்லா?" என்றேன்.

"இல்ல சார். கை." மகிழினி எண்களைத் தள்ளிக்கொண்டே போனாள். "முதல் படம், நடுக்கம் ரொம்ப. ரெண்டு, ரொம்ப. மூணு..." நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டாள். அடுத்த கோளம். அதற்கடுத்தது. "சார், ஒன்பதுலயும் ஒரு பக்கம் மட்டும் கை ஆடவே இல்ல. நாடி அறுபது. நீங்க எனக்காக எடுத்துக் காட்டின படத்துல கூட இப்படி ஒரு அமைதி இல்ல."

எந்தப் பக்கம் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. திரையில் தெரிந்தது. இடமும் வலமும் கிழிந்த சிவப்புக்கு நடுவே, ஒரு நூல் பிசகாமல், குடையோடு முழுசாக நின்றார் மோத்தா.

எத்தனையோ விஷயங்களில் ஒன்றுக்கு மூன்றாகச் சொல்லியிருக்கிறேன். இந்த அறுபதை மட்டும் கூட்டவோ குறைக்கவோ தோன்றவில்லை.

"எழுதிக்கம்மா" என்றேன். "நூத்தி முப்பத்தொண்ணு, லெயோன் மோத்தா. ஒன்பது, பொன்னுத்துரை. கையுறை எல்லாத்துக்கும் இருக்கட்டும். மோத்தா பேருக்குக் கீழ, எந்தப் பக்கம் பாத்துப் பயந்தாருன்னு ஒரு அம்புக்குறி போட்டு என் வீட்டு விலாசத்தையும் எழுது."

"சார், நிஜமாவா?"

"கதவு எண்ணோட."

திறப்பு நாளில் கூட்டம். விலாசம் எழுதியிருந்ததால் பதினேழு பேர் என் வீட்டு வாசலுக்கே போய், செண்பகத்திடம் கபடி எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தார்கள். கூடத்துக்குள் எல்லோரும் 'உப்பள மதிய'த்தில் நின்று, என் வீட்டுத் திசைக்குத் திரும்பி, கையுறை துடிக்க ஆரம்பித்ததும் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். நூற்றுப்பதினெட்டு. கொஞ்ச நேரம் கழற்றாமலே நின்றேன். உள்ளே அந்த மனுஷர் இன்னும் பயந்துகொண்டே இருந்தார். பயப்படட்டும் என்று விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

தேரிப் படங்கள் இருந்த அறையில் யாரும் இல்லை. மோத்தா மட்டும் இருந்தார். கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். கையுறையைப் போட்டுக்கொண்டு, குருடர் சுவரைத் தடவுவது போல மெதுவாகச் சுற்றினார். கிழிந்த மேடு ஒவ்வொன்றுக்கும் கையுறை வெடவெடவென்று ஆடியது. அவர் தன் உருவத்துக்கு நேராக வந்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. அவர் நகரவில்லை.

இருபத்திரண்டு வருஷம் இந்தப் படங்களை ஒட்டியவர். அந்த ஒரு பக்கம் மட்டும் பொருந்தியது அவர் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? படாமல்தான் இருந்திருக்கும் போல. கிழிசலைப் பார்க்கிறவர்கள் நடுவில் இருப்பதைப் பார்ப்பதில்லை. நான் குதிகாலைப் பார்க்காதது மாதிரி.

வாசலில் நான் நிற்பதைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"ஏம்வே, இந்தப் பக்கம் மட்டும் மணல் ஓடலையோ?"

"அந்தப் பக்கம் ஆள் நின்னாரு."

தன் உருவத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மெதுவாக, "இப்ப?" என்றார்.

"இப்ப அந்தப் பக்கமும் ஓடுதுவே."

அவர் கையுறையைக் கழற்றினார். பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். சிவப்பு வார் வெளுத்திருந்தது, அடியில் இன்னும் உப்பு ஒட்டியிருந்தது. என் செருப்பை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு அதை மாட்டிக்கொண்டேன். என் செருப்புதான். ஆனால் வார் அவர் காலுக்கு இளகிவிட்டிருந்தது. நடக்க நடக்கக் கழன்று கழன்று விழுந்தது. அதை இழுத்துக்கொண்டே கூடத்தைக் கடந்து வெளியே வந்தேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பவில்லை.